ஒரே அப்டேட், பதினொரு டெப் கணினிகள்: வலிகாமம் கிழக்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஓகஸ்ட் இரண்டாம் வாரத்தில், நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய நாட்களில், இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தில், வலிகாமம் கிழக்கிலுள்ள ஒரு சனசமூக நிலையம் மாணவர்களுக்கு இரவலாகக் கொடுத்திருந்த 11 டெப் கணினிகளுக்கு ஒரு மென்பொருள் அப்டேட் வந்தது. பதினொன்றும் ஒரே நிறுவனம் தயாரித்த ஒரே மாதிரி. ரொறன்ரோவில் வாழும் எங்கள் ஊரவர்கள் பணம் சேர்த்து வாங்கி, ஒரே பெட்டியில் கட்டி அனுப்பியவை. ஒவ்வொன்றிலும் 2 ஜிபி நினைவகமும் 32 ஜிபி சேமிப்பகமும் இருந்தன. எல்லாவற்றிலும் அன்ட்ரொய்ட் 9 ஓடிக்கொண்டிருந்தது. வந்த அப்டேட் அதை அன்ட்ரொய்ட் 10 ஆக மாற்றுவது. இவ்வளவு ஒற்றுமை இருந்தும், மூன்று வாரங்களின் பின் நான் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து விசாரித்தபோது, "முந்தினதைவிட நல்லா ஓடுது" என்று ஒரு வீட்டிலும், "நாசமாப் போச்சுது" என்று அடுத்த வீட்டிலும் சொன்னார்கள். இந்தக் கருவிகளைப் பதிவேட்டில் பதிந்து கொடுத்தவனும், பழுதென்றால் வாங்கிப் பார்ப்பவனும் நானாக இருந்தபடியால், அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கண்டறியும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது.

அப்போதைய நிலைமையைச் சொல்லாமல் இதன் பாரத்தைச் சொல்ல முடியாது. பாடசாலைகள் பெருந்தொற்றினால் மூடியிருந்தன. யூலை 12 முதல் ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்தும் விலகியிருந்தார்கள். உயர்தர மாணவர்களுக்கு எஞ்சியிருந்தவை தனியார் ஆசிரியர்களின் சூம் வகுப்புகளும் வாட்ஸ்அப்பில் வரும் குறிப்புகளும் மட்டுமே. ஓகஸ்ட் 20 இரவு நாடு முழுவதும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு தொடங்கி ஒக்டோபர் 1 அதிகாலை வரை நீடித்தது. யாழ்ப்பாண நகரத்துத் திருத்தகங்கள் பூட்டிக்கிடந்தன. ஒரு டெப் கணினி நின்றுவிட்டால் அந்த வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு அன்றைக்கே நின்றது. இரவல் கொடுக்க நிலையத்தில் மேலதிகமாக ஒன்றுகூட இருக்கவில்லை.

வந்த அப்டேட்டும் அது ஏறிய விதமும்

திரையில் வந்த அறிவித்தல் ஆங்கிலத்தில் இரண்டே வரிகள்: செயற்றிறன் மேம்பட்டிருக்கிறது, பாதுகாப்புத் திருத்தங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பவை. எவ்வளவு நேரம் எடுக்கும், எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும், முதல்முறை இயங்கும்போது என்ன நடக்கும் என்பவற்றில் ஒன்றும் அதில் இருக்கவில்லை. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நாளில் அது வரவுமில்லை. தயாரிப்பாளர்கள் பொதுவாக முதலில் ஒரு சிறு பங்கினருக்கு அனுப்பிப் பார்த்து, பிறகுதான் மற்றவர்களுக்கு விரிப்பார்கள். ஆனால் அந்த வழக்கத்தை அறியாத வீடுகளில், "அவையளுக்கு வந்திட்டுது, எங்கட பழுது போல" என்ற கவலை முதல் நாளே தொடங்கிவிட்டது.

இந்த மாதிரியில் அப்டேட் ஏறிய முறையைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் வருபவை விளங்கும். 2016 இல் வந்த அன்ட்ரொய்ட் 7 முதல், இயங்குதளத்துக்கு இரண்டு பகுதிகளை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அந்த ஏற்பாடுள்ள கருவியில் ஒரு பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றப் பகுதியில் புதியது எழுதப்படும்; அணைத்துப் போட்டதும் புதிய பகுதியிலிருந்து தொடங்கும்; அது தொடங்க மறுத்தால் பழைய பகுதிக்கே திரும்பிவிடும். எங்கள் டெப் கணினிகளில் அந்த வசதி இருக்கவில்லை. அவற்றில் பழைய முறைதான்: அப்டேட் முழுவதும் சேமிப்பகத்தில் இறங்கியபின் கருவி அணைந்து, மீட்பு நிலை எனப்படும், அப்டேட்டுக்கும் பழுதுபார்ப்புக்குமான தனி நிலையில் மீண்டும் எழும்பி, சிறிய ரோபோப் படமும் அதன் கீழ் ஒரு பட்டையும் தெரிய, ஓடவேண்டிய அதே பகுதியின் மேலேயே புதியதை எழுதும். திரும்பிப்போக வேறு இடமில்லை. விலை குறைந்த கருவிகளில் இந்த முறை அக்காலத்தில் சாதாரணமாக இருந்தது. அதற்காக வாங்கி அனுப்பியவர்களை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். அவர்கள் தந்திராவிட்டால் அந்தப் பதினொரு பிள்ளைகளிடம் எதுவுமே இருந்திருக்காது.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே நீக்கிவிட வேண்டும். டேட்டா முடிந்து பாதியில் நின்ற பதிவிறக்கத்தினால்தான் தங்கள் கருவி பழுதானது என்று இரண்டு வீட்டார் உறுதியாக நம்பினார்கள். நள்ளிரவுக்குப் பின்னரான டேட்டாவைக் காத்திருந்து பயன்படுத்தும் வீடுகளில் பதிவிறக்கம் நின்று நின்று போவது வழமை. ஆனால் இறங்கிய கோப்பைத் தயாரிப்பாளரின் மின்னொப்பத்துடன் ஒப்பிட்டுப் பார்த்துச் சரியென்று கண்டபின்னரே கருவி அதை எழுதத் தொடங்குகிறது. குறைபட்ட கோப்பு அந்த வாசலைத் தாண்டாது. மூன்று இரவுகளாகத் துண்டு துண்டாக இறக்கிய ஒரு வீட்டில் அப்டேட் எந்தக் குறையுமில்லாமல் ஏறியதையும் நான் பார்த்தேன்.

இரண்டு வீடுகள்

பதினொன்றில் 4 கருவிகள் எந்த முறைப்பாடும் இன்றி ஏறின. 3 கருவிகள் ஏறியபின் சில நாட்கள் ஆமையாக நகர்ந்தன. ஒன்றில் அப்டேட் ஏறவே மறுத்தது. ஒன்றில் வைஃபை நின்றது, ஒன்றில் பற்றரி இறங்கியது, ஒன்று லோகோவுடனேயே நின்றுவிட்டது. இவற்றுள் ஒரே ஒழுங்கையில் எதிரெதிரே இருக்கும் இரண்டு வீடுகளின் கதையே மற்றவற்றுக்கும் திறவுகோலாக அமைந்தபடியால், அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வீட்டில் பிள்ளை குளிக்கப் போயிருந்த நேரம் தாயார்தான் பொத்தானை அழுத்தினார். என்ன நடந்தது என்று நான் கேட்டபோது, "தம்பி, நான் அதைப் பார்த்துக்கொண்டு நிக்கேல்ல. சார்ஜரில போட்டிட்டு மிளகாய் வறுக்கப் போயிட்டன். தூளுக்கு எல்லாம் வறுத்து முடிச்சு வந்து பார்க்க அது வந்திட்டுது" என்றார். யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு மிளகாயையும் மல்லியையும் மற்றச் சரக்குகளையும் தனித்தனியே வறுத்து எடுப்பவர்களுக்கு அது எவ்வளவு நேரம் என்று தெரியும். ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது.

எதிர் வீட்டில் உயர்தரம் கற்கும் ஒரு மாணவன். அவனுக்கு மாலை 4.30 க்கு இரசாயனவியல் வகுப்பு. 3 மணிக்கு அப்டேட்டை அழுத்தியிருக்கிறான். ரோபோவும் பட்டையும் வந்து, பட்டை முடிவுவரை நிறைந்து, கருவி மீண்டும் எழும்பி, நிறுவனத்தின் லோகோ திரையில் வந்தது. வந்த லோகோ போகவில்லை. அதன் கீழே ஓர் எழுத்துமில்லை, சுற்றும் வட்டமுமில்லை, எத்தனை வீதம் முடிந்தது என்ற கணக்குமில்லை. வகுப்புக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவன் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தான். மீண்டும் போட்டான், மீண்டும் லோகோ. இப்படி மூன்று தரம் செய்தபின் என்னை அழைத்து, "அண்ணை, லோகோவோடயே நிக்குது, வகுப்புத் தொடங்கிட்டுது" என்றான். குரல் உடைந்திருந்தது.

இயங்குதளம் மாறியபின் முதல்முறை எழும்பும்போது கருவிக்கு நிறைய வேலை இருக்கிறது. பழைய தரவுத்தளங்களைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும். நிறுவியுள்ள ஒவ்வொரு செயலியையும் புதிய தளத்துக்குப் பொருந்துமா என்று சரிபார்க்க வேண்டும். மெதுவான சேமிப்பகமும் 2 ஜிபி நினைவகமும் உள்ள கருவியில் இது அரை மணித்தியாலத்தையும் தாண்டும். அந்த நேரம் முழுவதும் வெளியே தெரிவது லோகோ ஒன்றுதான். அந்த வேலையின் நடுவில் மின்சாரத்தைத் துண்டித்தால் பாதி மாறிய, பாதி மாறாத தரவு எஞ்சும். அடுத்த முறை எழும்பும்போது அதில் இடறி நிற்கும்.

எதிர் வீட்டில் நடந்தது இதுதான் என்று நான் முடிவுசெய்ததற்கு ஊகம் மட்டும் காரணமில்லை, ஒரு தடயமும் உண்டு. ஊரடங்குக்கு மூன்று நாள் முந்தி அந்தக் கருவி என் கைக்கு வந்தது. முதலில் ஒரு முழு இரவு சார்ஜரில் விட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. மீட்பு நிலைக்குப் போய்த் தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழித்துப் பார்த்தேன், அதனாலும் பயனில்லை. கடைசியில் வேறு வழியின்றி, உள்ளிருந்த பயனர் தரவையெல்லாம் அழித்துத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டபோது, கருவி அன்ட்ரொய்ட் 10 உடன் சுகமாக எழும்பியது. இயங்குதளம் அரைகுறையாக எழுதப்பட்டிருந்தால் பயனர் தரவை அழிப்பதால் அது திருந்தியிருக்காது. ஆகவே நிறுவனம் அனுப்பிய மென்பொருள் முழுதாகவே ஏறியிருந்தது. கெட்டிருந்தது மாணவனின் தரவு. மிளகாய் வறுத்த வீட்டிலும் லோகோ அதேயளவு நேரம் நின்றிருக்கும். பார்த்துப் பதறுவதற்கு அங்கே ஒருவரும் இருக்கவில்லை, அவ்வளவே.

அப்படியானால் பிழை மாணவனுடையதா என்று நிலையத்தின் நிர்வாகக் கூட்டத்தில் கேட்டார்கள். இல்லை என்றே அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்டப் பொறுத்திருந்த பிள்ளை அவன். திரையில் ஒரு வரி, "இதற்கு நீண்ட நேரம் எடுக்கலாம், அணைக்க வேண்டாம்" என்று, ஆங்கிலத்திலாவது இருந்திருந்தால் அவன் கைபேசி ஒன்றை இரவல் வாங்கி வகுப்புக்குப் போயிருப்பான். அந்த வரியை எழுதாமல் விட்டவர்களின் குறையை, அதை வாசிக்கக் கிடைக்காத பிள்ளையின் தலையில் கட்ட முடியாது. இதை நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு விளக்கமாக எழுதினேன். கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்கவும் என்ற ஒற்றை வரியே பதிலாக வந்தது.

யாருடைய கணக்கு

தொழிற்சாலை நிலைக்கு மீட்டதோடு சிக்கல் தீரவில்லை. எழும்பிய கருவி, முன்னர் இதில் இருந்த கூகுள் கணக்கை உள்ளிடுமாறு கேட்டது. களவெடுத்தவர் கருவியை அழித்துப் பயன்படுத்தாமலிருக்க, 2015 இல் அன்ட்ரொய்ட் 5.1 உடன் வந்த பூட்டு இது. மாணவனின் கணக்கை இட்டோம், ஏற்கவில்லை. அவனிடம் துருவிக் கேட்டபோதுதான், தான் இந்தக் கருவியில் தன் கணக்கைச் சேர்த்ததே இல்லை, வாங்கியபோதே எல்லாம் வேலை செய்தது என்றான்.

காரணம் ரொறன்ரோவில் இருந்தது. அனுப்புமுன் ஒரு பெட்டியை மட்டும் பிரித்து, நல்ல பொருள்தானா என்று பார்ப்பதற்காக அங்குள்ள அண்ணர் ஒருவர் தற்காலிகமாக ஒரு கூகுள் கணக்கைத் திறந்து பரீட்சித்திருக்கிறார். பிறகு அதை நீக்க மறந்து, திரும்பக் கட்டி அனுப்பியிருக்கிறார். அந்த ஒரு கருவிதான் இந்த மாணவனின் கைக்கு வந்தது. பதிவேட்டில் தொடர் இலக்கம், பெயர், விலாசம், ஒப்பம் எல்லாம் எழுதிய நான், உள்ளே இருப்பது யாருடைய கணக்கு என்று ஒரு நிரல் வைக்கவில்லை. அழிக்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அழித்தபின் கேட்டேன். இந்த நிகழ்வில் என் பக்கத்தில் நேர்ந்த பெருந்தவறு இது.

ஓகஸ்டில் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். இங்கே காலை 7 மணி என்றால் அங்கே முந்திய இரவு 9.30. அந்த அண்ணர் இரவு வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் அழைத்தால் அவர் வேலையில், மறுநாள் அழைத்தால் உறக்கத்தில். பிடித்தபோது கணக்கின் கடவுச்சொல் அவருக்கு நினைவில்லை. புதிய கடவுச்சொல் வைத்தார். வைத்த உடனே அந்தக் கணக்கைக்கொண்டு பூட்டைத் திறக்கக் கூகுள் விடுவதில்லை. ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். பொறுத்தபின் கடவுச்சொல்லை ஏற்றது. ஆனால் உறுதிப்படுத்தும் குறியீடு அவருடைய கைபேசிக்குப் போனது, அதை அவர் எங்களுக்கு வாசித்துச் சொல்வதற்குள் காலாவதியானது. இரண்டாவது குறியீட்டுக்கு நான் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, அவர் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லச் சொல்ல அழுத்தினேன். ஆறாம் நாள் திறந்தது.

திறந்த கருவி வெறுமையாக இருந்தது. மூன்று மாதங்களாக வகுப்புகளின்போது எடுத்து வைத்த குறிப்புகளின் படங்கள் ஒன்றும் எஞ்சவில்லை. அவன் அறியாத கணக்கில் காப்புப்பிரதி போட யாரும் சொல்லியிருக்கவில்லை. அவனோடு படிக்கும் பிள்ளையொன்று தன் இரசாயனவியல் கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, நான்கு நாட்களாக அவனுக்கு அனுப்பியது. அந்தப் பிள்ளையின் உழைப்பையும் இந்தப் பதிவில் சேர்க்காமல் விட எனக்கு மனமில்லை.

மெதுவானவை, மறுத்தது, பழி சுமந்தது

மெதுவான மூன்றில் இரண்டின் காரணம் ஒன்றே. அன்ட்ரொய்ட் 10 ஏறியபின் செயலிகளைப் புதிய தளத்துக்கேற்பச் செப்பனிடும் வேலையின் பெரும்பகுதியை, கருவி சார்ஜரில் இருந்து, யாரும் தொடாமல், ஆனால் அணையாமல் இருக்கும் நேரத்துக்கு ஒதுக்கி வைக்கிறது. இந்த இரண்டு வீடுகளிலும் பற்றரி கெட்டுவிடும் என்று இரவில் கருவியை முற்றாக அணைத்துவிட்டுப் படுப்பார்கள். பொருளைப் பேணுகிறோம் என்ற நல்லெண்ணமே செப்பனிடும் வேலையை நடக்கவிடாமல் தடுத்தது. இரண்டு இரவுகள் அணைக்காமல் சார்ஜரில் விடச் சொன்னேன், சரியாயின. மூன்றாவது கருவியில் அப்டேட்டின் பின் எஞ்சியிருந்த இடம் மிகச் சொற்பம். இவ்வகைச் சேமிப்பகம் நிறைந்துகொண்டு வரும்போது, புதிதாக ஒன்றை எழுதுவதற்கு முன் பழையவற்றை நகர்த்தி இடம் செய்ய வேண்டியிருப்பதால் எழுதும் வேகம் விழுகிறது. சில ஜிபி துப்புரவாக்கியதும் அதுவும் நடக்கத் தொடங்கியது.

ஏற மறுத்த கருவியிலும் இடப்பற்றாக்குறையே காரணம். அந்த ஆண்டு நோய்க் கட்டுப்பாடுகளினால் வழமைபோல் நல்லூருக்குப் போக முடியாதவர்கள் திருவிழாக் காணொளிகளை வாட்ஸ்அப்பில் ஆளுக்காள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மம்மாவுக்குக் காட்டுவதற்காகப் பேத்தியின் டெப் கணினியில் வந்து குவிந்தவை அவை. வந்ததை இன்னொருவருக்கு அனுப்பும்போது சிலவேளை அனுப்பியவற்றுக்கான அடைவில் இன்னொரு பிரதியும் தங்கிவிடுவதுண்டு. அதனால் ஒரே பூசை இரண்டு இடங்களில் இருந்தது. அம்மம்மாவைக் கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் வைத்திருக்க விரும்பியவற்றை மெமரி கார்டுக்கு மாற்றும்வரை அந்தக் கருவி அன்ட்ரொய்ட் 9 உடனேயே இருந்தது. அதற்காக அங்கே ஒரு வகுப்பும் தவறவில்லை.

வைஃபை நின்ற கருவி நிலையத்துக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையுடையது. நிலையத்தின் இணைப்பை வீதியால் போகிறவர்கள் பயன்படுத்தி டேட்டாவைத் தீர்த்துவிடாதபடி, அனுமதித்த கருவிகளின் மாக் முகவரிகளை, அதாவது ஒவ்வொரு கருவியையும் வலையமைப்பில் அடையாளம் காட்டும் குறியீடுகளை, மட்டும் ஏற்குமாறு ரவுட்டரை நான் அமைத்திருந்தேன். அப்டேட்டின் பின் இணைப்புச் சற்றுத் தளம்பியதைக் கண்ட பிள்ளை, யாரோ சொன்னபடி வைஃபை பெயரை மறந்துவிடச் செய்து புதிதாகச் சேர்த்திருக்கிறது. அன்ட்ரொய்ட் 10 முதல், புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு வலையமைப்புக்கும் உண்மையான மாக் முகவரிக்குப் பதிலாக எழுமாற்றான ஒன்றையே கருவி காட்டுகிறது. பயனரைப் பின்தொடர முடியாதபடி செய்யும் பயனுள்ள பாதுகாப்பு அது. ரவுட்டருக்கோ அந்தக் கருவி முன்பின் தெரியாத அந்நியமாகிவிட்டது. அமைப்புகளில் கருவியின் சொந்த முகவரியைத் தெரிவுசெய்ததும் இணைப்பு வந்தது. அப்டேட்டும் சரி, ரவுட்டரும் சரி. அவை இரண்டும் சந்தித்த இடத்தில் என் பட்டியல் குறுக்கே நின்றது.

பற்றரி 30 வீதத்தைத் தாண்டி இருக்கும்போதே திடீரென அணையும் கருவியைப் பற்றி அந்த வீட்டார் அப்டேட்டைத் தவிர வேறெதையும் சந்தேகிக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கையில், வைகாசி மாதத்திலும் சூம் வகுப்பின் நடுவில் இரண்டு தரம் அணைந்ததாகத் தாயார் சொன்னார். கருவியின் முதுகைத் தட்டையான மேசையில் வைத்தபோது ஒரு பக்கம் ஆடியது. பற்றரி வீங்கத் தொடங்கியிருந்தது. வீங்கிய பற்றரியைத் தொடர்ந்து சார்ஜ் செய்வது தீ விபத்தில் முடியலாம் என்பதால் அதை உடனே நிறுத்தச் சொன்னேன். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது. அப்டேட் நாளில் எழும்பிய முறைப்பாடுகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டிருந்தால் அந்தப் பற்றரி இன்னும் பல மாதம் ஒரு பிள்ளையின் மடியில் இருந்திருக்கும்.

வேறிடங்களில் நடந்தவை

நாம் கண்டது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு, உலகறிய நடந்த சில நிகழ்வுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2012 இல் வந்த நெக்சஸ் 7 டெப் கணினிக்கு 2014 நவம்பரில் அன்ட்ரொய்ட் 5.0 கிடைத்தபோது, 1 ஜிபி நினைவகம் கொண்ட அந்தக் கருவி பயன்படுத்த முடியாதளவு மெதுவாகிவிட்டதாகப் பலர் முறையிட்டார்கள்; தொழிற்சாலை நிலைக்கு மீட்டபின் சீராகியதாகச் சிலரும், அப்படிச் செய்தும் மாற்றமில்லை என்று வேறு சிலரும் சொன்னார்கள். அதே கருவி, அதே மென்பொருள், முரண்படும் சாட்சிகள்.

எங்கள் மாணவனின் பூட்டுக்கு மிக நெருங்கியது 2016 மார்ச் 21 அன்று அப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 9.3. ஐபாட் 2 போன்ற பழைய கருவிகளில் அதை ஏற்றியவர்களிடம், கருவியை முதன்முதலில் அமைத்தபோது பயன்படுத்திய அப்பிள் கணக்கையும் கடவுச்சொல்லையும் அது கேட்டது. 2011 இல் வந்த கருவிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் யார், எந்தக் கணக்கைக் கொடுத்தார்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? நினைவிருந்தவர்கள் ஒரு நிமிடத்தில் தாண்டிப் போனார்கள். மறந்தவர்களின் கருவி பலகையாகக் கிடந்தது. அப்பிள் பழைய கருவிகளுக்கு அதை நிறுத்திவைத்து, ஒரு வாரத்துக்குள், மார்ச் 28 அன்று, திருத்திய பதிப்பை வெளியிட்டது.

அதே ஆண்டு மே 16 இல் வந்த ஐஓஎஸ் 9.3.2 வேறு வகை. அப்போது புத்தம் புதிதாக இருந்த 9.7 அங்குல ஐபாட் ப்ரோ கருவிகளில் சில, 56 என்ற பிழை இலக்கத்தைக் காட்டி, கணினியுடன் இணைக்குமாறு கேட்டு நின்றுவிட்டன. இணைத்தவர்களுக்கும் அதனால் விடிவு கிடைக்கவில்லை. அந்த மாதிரிக்கு அப்டேட்டைத் திரும்பப் பெற்று, ஜூன் 2 அன்று மீண்டும் வெளியிட்டார்கள். 2024 செப்டெம்பர் 16 இல் வந்த ஐபாட்ஓஎஸ் 18, எம்4 சில்லுள்ள ஐபாட் ப்ரோ கருவிகளில் சிலவற்றைச் செயலிழக்கச் செய்ததால் மறுநாளே அந்த மாதிரிகளுக்கு நிறுத்தப்பட்டு, ஒக்டோபர் 3 இல் 18.0.1 ஆகத் திருத்தப்பட்டு வந்தது. இந்த இரண்டிலும் பயனர் எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் தப்பியிருக்க முடியாது. பிழை முழுக்க முழுக்க மென்பொருளிலேயே இருந்தது. எங்கள் பதினொன்றில் அத்தகையது ஒன்றுகூட இல்லை என்பதை நான் நேர்மையாகப் பதிய வேண்டும். ஆனால் கணினியுடன் இணைக்கவும் என்று ஒரு திரை கேட்கும்போது, கணினியே இல்லாத வீட்டில், ஊரடங்கில், அந்தச் செய்தியை வாசிப்பவர் என்ன செய்வார் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

பின்னர் செய்தவை

பதிவேட்டில் மூன்று நிரல்கள் சேர்த்தேன்: கருவியில் உள்ள கணக்கு யாருடையது, காலி இடம் எவ்வளவு, பற்றரி எத்தனை வீதத்தில் அணைகிறது. கருவி திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் இவற்றைப் பார்த்து எழுதிய பின்னரே அடுத்தவருக்குப் போகிறது. ரொறன்ரோவுக்கும் எழுதினோம், அடுத்த முறை அனுப்பியவற்றில் ஒரு பெட்டியையும் அவர்கள் பிரிக்கவில்லை, பிரித்துப் பார்க்கும் வேலையை எங்களிடமே விட்டார்கள்.

அதோடு, நிறுவனம் எழுதாமல் விட்டதை நாங்களே தமிழில் அரைத்தாளில் எழுதி, ஒவ்வொரு கருவியின் உறைக்குள்ளும் வைத்தோம். வகுப்பு இருக்கும் நாளில் அப்டேட் போட வேண்டாம். குறிப்புகளின் படங்களை முதலில் வேறிடத்தில் சேமியுங்கள். சார்ஜரில் போட்டபின் தொடங்குங்கள். லோகோ ஒரு மணித்தியாலம் நின்றாலும் அணைக்க வேண்டாம். ஒரு மணித்தியாலம் தாண்டினால் பொத்தானைத் தொடாமல் என்னை அழையுங்கள் என்பவை அதில் இருந்தவை. மார்கழியில் ஒரு சிறிய அப்டேட் வந்தபோது பற்றரி மாற்றக் காத்திருந்த ஒன்றைத் தவிர மற்றப் பத்துக் கருவிகளும் முன்பின்னாக அதை ஏற்றின. நான்கு வீடுகளிலிருந்து தொடங்குமுன் என்னை அழைத்தார்கள். எதிர் வீட்டு மாணவன் அழைக்கவில்லை. பெப்ரவரி 7 இல் பரீட்சை தொடங்கவிருந்ததால், அது முடியும்வரை அந்த அறிவித்தலைத் தொடப்போவதில்லை என்று முன்னரே சொல்லியிருந்தான். மார்ச் மாதம் கடைசிப் பாடம் எழுதிவிட்டு வந்த அன்றிரவு, கருவியைச் சார்ஜரில் போட்டு, திரையைக் கவிழ்த்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் படுத்ததாகக் காலையில் எனக்குச் செய்தி அனுப்பினான்.